மாநாட்டுக்கு ஊதிய சங்கு

மைசூரில் விஞ்ஞானிகள் கூடிய ஐந்து நாட்கள், அதே ஊரில் அச்சேறிய ஒரு பறக்காத விமானம், கதைக்கும் கட்டுரைக்கும் நடுவே இருக்கும் வாசற்படி

தமிழ்நாட்டில் சங்கொலி கேட்டால் இரண்டு அர்த்தம்தான். கோயிலில் பூசை, அல்லது தெருவில் சாவு. 2016 ஜனவரியில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தில் கேட்ட சங்கொலி இந்த இரண்டிலும் சேராதது. 103ஆவது இந்திய விஞ்ஞான மாநாட்டின் சுற்றுச்சூழல் பிரிவில், உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர், சங்கு ஊதுவதால் உடலுக்கு விளையும் நன்மைகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். வாசித்ததோடு நிற்காமல் மேடையிலேயே சங்கை எடுத்து ஊதியும் காட்டினார். உலகின் மிகப் பெரிய சுற்றுச்சூழல் காவலர் சிவபெருமானே என்று நிறுவும் இன்னொரு கட்டுரையும் அதே பிரிவின் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. எழுதியவர் வந்து சேராததால் அது வாசிக்கப்படவில்லை.

மறுநாள் நாடு முழுவதும் பத்திரிகைகளில் சங்குதான் செய்தி. அதே வாரம் அதே வளாகத்தில் செர்ஜ் ஹரோஷ் இருந்தார். ஒற்றை ஒளித்துகளைப் பெட்டிக்குள் பிடித்து வைத்து, அதைச் சிதைக்காமலே அளந்து பார்த்து நோபல் பரிசு வாங்கியவர். டான் ஷெக்ட்மன் இருந்தார். 1982ல் ஓர் உலோகக் கலவையில், படிகவியல் பாடநூல்கள் 'இருக்கவே முடியாது' என்று சொல்லியிருந்த ஓர் அணுவரிசையைக் கண்டவர் அவர். ஆய்வுக் குழுத் தலைவரே பாடநூலை எடுத்துக் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லி, பிறகு குழுவை விட்டே போகச் சொன்னார். ஷெக்ட்மன் சளைக்கவில்லை. 2011ல் நோபல் பரிசு வந்தது. படிகம் என்ற சொல்லுக்கான இலக்கணத்தையே உலகம் மாற்றி எழுதிக்கொண்டது.

இப்படிப்பட்டவர்கள் வந்திருந்த மாநாட்டில் சங்கு ஊதியவர்தான் நினைவில் நிற்கிறார் என்றால் குற்றம் யாருடையது? பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஒளித்துகளைவிடச் சங்கு எழுதுவதற்குச் சுலபம்.

ஆனால் முழுப் பழியையும் பத்திரிகைகள் மேல் போட முடியாது. பெரிய மாநாடு என்பதே ஒரு திருவிழா. திருவிழாவில் மூலவர் தரிசனமும் உண்டு, முட்டிமோதலும் உண்டு. விஞ்ஞான மாநாட்டுக்கும் அது பொருந்தும். மேல்நாடுகளில் விஞ்ஞானக் கதை ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் மாநாடுகளுக்கும் பொருந்தும். இந்த இரண்டு வகைக் கூட்டத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் மைசூரில் என்ன நடந்தது என்பது விளங்கும்.

இந்திய விஞ்ஞான மாநாட்டைத் தொடங்கி வைத்தவர்கள் இரண்டு வேதியியல் பேராசிரியர்கள். ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜே.எல். சைமன்சன். மற்றவர் லக்னோவில் இருந்த பி.எஸ். மக்மஹோன். பிரிட்டனில் விஞ்ஞானிகள் ஆண்டுதோறும் ஒரு நகரத்தில் கூடிப் பேசுவதுபோல் இங்கும் கூடினால் என்ன என்று தோன்றியது அவர்களுக்கு. 1914 ஜனவரி 15 முதல் 17 வரை கல்கத்தாவில் முதல் கூட்டம். தலைமை அசுதோஷ் முகர்ஜி. வந்தவர்கள் 105 பேர். வாசிக்கப்பட்ட கட்டுரைகள் 35. மூன்று நாளில் 35 கட்டுரை என்றால் நின்று நிதானித்துக் கேள்வி கேட்க நேரம் இருந்திருக்கும்.

பிறகு மாநாடு வளர்ந்தது. 1927ல் லாகூரில் ஜகதீஷ் சந்திர போஸ் தலைவர். 1929ல் சென்னையில் கூடியபோது சி.வி. ராமன் தலைவர். ராமன் விளைவு கண்டறியப்பட்டு ஓராண்டுகூட முடியாத நேரம் அது. 1938 வெள்ளி விழாவுக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்டிருந்த ரூதர்போர்டு சில மாதங்களுக்கு முன் இறந்துவிட, ஜேம்ஸ் ஜீன்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். 1947ல் நேருவே தலைவர். சுதந்திரத்துக்குப் பின் ஜனவரி முதல் வாரத்தில் பிரதமர் விஞ்ஞானிகள் முன் பேசுவது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. 1982ல் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் மைசூரில் கூடிய மாநாடு, பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டை ஒட்டி 2016ல் மறுபடி அங்கே வந்தது. மோடி தொடங்கி வைத்தார். பொருளாதாரம், சுற்றுச்சூழல், எரிசக்தி, பரிவு, சமத்துவம் என்று ஆங்கிலத்தில் 'இ' எழுத்தில் தொடங்கும் ஐந்து சொற்களை விஞ்ஞானிகளுக்கு இலக்காகக் கொடுத்துவிட்டுப் போனார். பிரதமர் வரும் நாளில் எந்த மாநாடும் விஞ்ஞானிகளுடையதாக இருப்பதில்லை. அன்று அது போலீஸ்காரர்களுடையது.

அடுத்த நாள்தான் மாநாடு தொடங்கும். பதினான்கு பிரிவுகள், பதினான்கு அரங்குகள், எல்லாம் ஒரே நேரத்தில். கணிதத்தில் உட்கார்ந்தால் தாவரவியல் போய்விடும். இவை தவிரக் குழந்தைகள் மாநாடு, பெண்கள் மாநாடு, பொருட்காட்சி. முன்னணி ஆய்வுக்கூடங்களில் வேலை செய்யும் விஞ்ஞானிகளில் பலர் இந்தப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை. அவர்களுக்கு அவரவர் துறையில் தனி மாநாடுகள் இருக்கின்றன. இங்கே வருபவர்களில் பெரும்பகுதி கல்லூரி ஆசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், பள்ளிப் பிள்ளைகள்.

இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் இந்த மாநாட்டின் ருசியாகப் படுகிறது. தாலுகா தலைநகர் ஒன்றின் கலைக் கல்லூரியில் இருபது வருஷமாக விலங்கியல் நடத்தும் ஆசிரியருக்கு, பக்கத்து ஏரியின் நத்தைகளைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேறு எந்த மேடை கிடைக்கும்? நோபல் விஞ்ஞானியைச் சுற்றி நோட்டுப் புத்தகத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் வேறு எங்கே அவரைப் பார்த்திருப்பார்கள்? பாடப் புத்தகத்தில் பெயராக மட்டும் இருந்த ஆள், நரைத்த தலையோடு, வியர்த்துக்கொண்டு, எதிரே நிற்கிறார். அந்தக் கிளர்ச்சியைப் பத்து வகுப்பு சேர்ந்தாலும் தராது.

எனக்கும் ஒரு மாநாட்டு அனுபவம் உண்டு. எந்த ஊர், எந்த ஆண்டு என்பது வேண்டாம். பதிவு மேசையில் என் பெயருக்கு அட்டை இல்லை. வராத ஒரு மண்ணியல் பேராசிரியரின் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளும் நான் அவராகவே நடமாடினேன். கருத்தரங்கில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஒருவர் களர் நிலத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசனை கேட்டார். ஜிப்சம் போடலாம் என்று எங்கோ மொழிபெயர்த்த ஞாபகத்தில் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். சாப்பாட்டுப் பந்தியில்தான் மாட்டினேன். கூப்பனில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர். வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். மேடையில் ஏறிக் கட்டுரை வாசித்திருந்தால் ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த மாநாட்டிலேயே ஒரு பள்ளிச் சிறுமியையும் பார்த்தேன். தன் ஊர்க் கிணறுகளின் தண்ணீரைப் பாட்டில்களில் அடைத்து வரிசையாக வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் உப்பு எவ்வளவு என்று அட்டையில் எழுதியிருந்தாள். வயதான விஞ்ஞானி ஒருவர் குனிந்து, ஏரிப் பக்கத்துக் கிணற்றில் ஏன் அதிகம் என்று கேட்டார். தெரியவில்லை, அடுத்த மழை முடிந்து மறுபடி அளந்தால்தான் சொல்ல முடியும் என்றாள் அவள். மூன்று நாளில் நான் கேட்ட சிறந்த விஞ்ஞானப் பேச்சு அதுதான்.

சங்கு விஷயத்துக்கு வருவோம். அது ஊதப்பட்ட அதே வாரத்தில், சண்டிகருக்கு வந்திருந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனிடம் நிருபர்கள் விஞ்ஞான மாநாட்டைப் பற்றிக் கேட்டார்கள். சிதம்பரத்தில் பிறந்தவர், 2009ல் வேதியியலுக்கான நோபல் பெற்றவர், அப்போதுதான் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவராகப் பொறுப்பேற்றிருந்தவர். தான் முன்பு ஒரு நாள் அந்த மாநாட்டுக்குப் போயிருந்ததாகவும், அங்கே விஞ்ஞானம் மிகக் குறைவாகவே பேசப்பட்டதாகவும் சொன்னார். அது ஒரு சர்க்கஸ், இனி வாழ்நாளில் அந்தப் பக்கம் போவதாக இல்லை என்றும் சொன்னார். பட்டவர்த்தனமான பேச்சு. நம் ஊரில் பெரிய மனிதர்கள் இப்படிப் பேசுவதில்லை.

அவருடைய கோபத்துக்குப் பின்னால் முந்தைய ஆண்டின் கதையும் இருந்தது. 2015 ஜனவரியில் மும்பையில் கூடிய 102ஆவது மாநாட்டில், சமஸ்கிருதம் வழியே பண்டைய விஞ்ஞானம் என்ற அமர்வு. ஓய்வுபெற்ற விமானப் பயிற்சியாளர் கேப்டன் ஆனந்த் போடஸ், இணை ஆசிரியர் ஒருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையை வாசித்தார். ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் விமானங்கள் இருந்தன, அவை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பறந்தன, கிரகம் விட்டுக் கிரகமும் போயின என்பது சாரம். கூட்டத்துக்கு முன்பே நாசாவில் பணியாற்றிய இந்திய விஞ்ஞானி ஒருவர் அதை ரத்து செய்யச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் நடத்தினார். பலிக்கவில்லை.

அந்தக் கட்டுரைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட நூல் 'வைமானிக சாஸ்திரம்'. பலருக்குத் தெரியாத விஷயம், அந்த நூலின் கதை மைசூரில்தான் முடிச்சுப் போட்டிருக்கிறது என்பது. பெங்களூருக்குப் பக்கத்தில் ஆனேக்கல்லில் வாழ்ந்த பண்டிதர் சுப்பராய சாஸ்திரி, பரத்வாஜ முனிவர் தமக்கு உணர்த்தியதாகச் சொல்லி 1918 முதல் 1923 வரை சுலோகங்களைச் சொல்லச் சொல்ல, ஒருவர் எழுதிக்கொண்டார். எல்லப்பா என்ற வரைவாளர் சாஸ்திரியின் விவரிப்பைக் கேட்டு விமானங்களுக்குப் படம் போட்டுக் கொடுத்தார். 1952ல் இந்தக் கையெழுத்துப் படிகளைப் பற்றி உலகுக்குச் சொன்னவர், மைசூரில் சமஸ்கிருத ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நடத்திவந்த ஜி.ஆர். ஜோஸ்யர். 1973ல் அவரே ஆங்கில மொழிபெயர்ப்போடு மைசூரில் வெளியிட்டார்.

அடுத்த ஆண்டே அதற்குத் தீர்ப்பும் வந்துவிட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த எச்.எஸ். முகுந்தா முதலிய ஐந்து பேர் அந்த நூலை எடுத்து உட்கார்ந்தார்கள். கிண்டல் செய்து ஒதுக்கிவிடவில்லை. முதலில் மொழியைப் பார்த்தார்கள். வேத காலத்து நடை அல்ல, எளிய பிற்கால சமஸ்கிருதம். நூல் எப்படிக் கைமாறி வந்தது என்று விசாரித்தார்கள். 1904க்கு முன்னால் அதற்கு வேர் இல்லை. பிறகு பொறியியல் கணக்குப் போட்டார்கள். சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்று விவரிக்கப்பட்ட நான்கு விமானங்களில் ஒன்றுகூடப் பறக்கும் லட்சணம் உடையதல்ல. எழுதியவருக்கு வானூர்தி இயலே தெரியாது என்று 1974ல் எழுதி முடித்தார்கள். நாற்பத்தோரு வருஷம் கழித்து மும்பை மேடையில் அந்த விமானம் மறுபடி ஓடுதளத்துக்கு வந்தபோது, இந்தத் தீர்ப்பு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.

பழைய ஏட்டில் விஞ்ஞானம் இருக்காது என்று யாரும் சொல்லவில்லை. இதற்கும் சாட்சி மைசூரிலேயே இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றை மைசூர் அரசு கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்தார். நூலகர் ஆர். சாமசாஸ்திரி அதைப் பிரித்துப் படித்தார். வெளியுலகம் பெயரளவில் மட்டுமே அறிந்திருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். 1909ல் மூலத்தை அச்சிட்டார், 1915ல் ஆங்கிலத்தில் கொடுத்தார். அவர் சொன்னதை உலகம் ஏன் ஏற்றது? ஓலை கையில் இருந்தது. தண்டி போன்ற பழைய ஆசிரியர்கள் அந்த நூலைக் குறிப்பிட்டிருந்தார்கள். பிறகு கேரளத்திலும் பிற இடங்களிலும் வேறு படிகள் கிடைத்தன, ஒப்பிட முடிந்தது. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த கதையைப் படித்து வளர்ந்த தமிழனுக்கு இந்த வேலையின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாடபேதம் பார்க்காமல் ஒரு வரியைக்கூட அவர் அச்சுக்கு அனுப்பியவரில்லை. ஒரே ஊர். ஒரு நூலுக்குச் சுவடி இருந்தது, இன்னொரு நூலுக்குச் சொன்னவர் வாய் மட்டும் இருந்தது.

சரி, வைமானிக சாஸ்திரம் கெட்ட புத்தகமா? அப்படியும் எனக்குத் தோன்றவில்லை. எல்லப்பாவின் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சகுன விமானத்துக்குப் பறவைபோல் இறக்கையும் வாலும். ருக்ம விமானம் கோபுரம்போல் கூம்பிக்கொண்டு போகிறது. நூலுக்குள் விமானிக்கு என்ன உணவு, என்ன உடை என்றெல்லாம் விவரம். எதிரி கண்ணுக்கு மறைய வழி. முழு உலகம் ஒன்றை மனத்துக்குள் கட்டி, அதில் ஓட்டை விழாமல் நிரப்பியிருக்கிறார் சாஸ்திரி. ரைட் சகோதரர்கள் பறந்து இருபது வருஷத்துக்குள் ஆனேக்கல்லில் இப்படி ஒரு கற்பனை! நாவலாக வந்திருந்தால் இந்திய விஞ்ஞானக் கதையின் முன்னோடிகளில் ஒருவராக அவரைக் கொண்டாடியிருக்கலாம். 1998ல் வேலூரில் தொடங்கப்பட்ட அறிவியல் புனைகதை ஆய்வுச் சங்கத்தினர் கருத்தரங்கமே நடத்தியிருப்பார்கள்.

விஞ்ஞானக் கதைக்காரர்களின் மாநாடு என்றால் எது வேண்டுமானாலும் செல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே கண்டிப்பு அதிகம். உலக விஞ்ஞானக் கதை மாநாடு 1939ல் நியூயார்க்கில் சுமார் இருநூறு பேருடன் தொடங்கியது. இன்று பல நாடுகளில் மாறிமாறி நடக்கிறது. நடத்துபவர்கள் சம்பளமில்லாத ரசிகர்கள். பிடித்த எழுத்தாளரோடு மேசையில் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம், பழைய புத்தகம் தேடலாம், வேற்றுக் கிரக வேஷம் கட்டலாம். கேட்க ஆசைப்பட்ட நிகழ்ச்சிக்கு வரிசையில் நின்று, அரங்கு நிறைந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பவும் செய்யலாம். போனவர்கள் எல்லாரும் இந்த இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறார்கள்.

அந்த மாநாட்டுச் சரித்திரத்தில் ஒரு கதை பிரசித்தம். அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவன் 1970ல் 'ரிங்வேர்ல்டு' என்ற நாவலை எழுதினார். ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி வளையல் மாட்டியதுபோல் பிரம்மாண்டமான வளையம், அதன் உள்பக்கத்தில் குடியிருப்பு. பரிசுகள் குவிந்தன. அடுத்த ஆண்டு பாஸ்டனில் உலக மாநாடு. எம்.ஐ.டி. மாணவர்கள் ஓட்டல் நடைகளில் கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள்: அந்த வளையம் நிலைத்து நிற்காதாம்! அவர்கள் சொன்னது சரி. கோள் தன் பாதையில் சுற்றுவது வேறு, முழு வளையம் நட்சத்திரத்தைச் சுற்றி நிற்பது வேறு. வளையம் மையத்திலிருந்து இம்மி நகர்ந்தாலும், நெருங்கிய பக்கத்தை நட்சத்திரம் இன்னும் பலமாக இழுக்கும். நகர்வு கூடிக்கொண்டே போய்க் கடைசியில் வளையம் நட்சத்திரத்தில் மோதும். நிவன் கோபித்துக்கொள்ளவில்லை. 1980ல் இரண்டாம் நாவல் எழுதி, வளையத்தைத் தள்ளி நேராக்கும் எந்திரங்களை அதன் விளிம்பில் பொருத்தினார். முதல் பதிப்பில் பூமி தவறான திசையில் சுழன்றிருந்ததையும் ரசிகர்கள் பிடித்துவிட்டார்கள். மறுபதிப்பில் அதுவும் திருத்தப்பட்டது.

கதை என்று சொல்லிக்கொண்டு வந்தவரிடமே கணக்குக் கேட்டார்கள். கட்டுரை என்று சொல்லிக்கொண்டு வந்தவரை மும்பையில் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

கதையும் விஞ்ஞானமும் ஒரே ஆளுக்குள் குடியிருக்க முடியாது என்பதில்லை. லாகூர் மாநாட்டுக்குத் தலைமை வகித்த போஸ், 1896ல் குந்தலின் என்ற கூந்தல் தைலக் கம்பெனி நடத்திய போட்டிக்கு வங்காளியில் ஒரு கதை எழுதிப் பரிசு வாங்கியவர். கல்கத்தாவை அழிக்கப்போகிறது என்று எல்லாரும் நடுங்கிய புயல் திடீரென்று காணாமல் போகிறது. காரணம், கப்பலில் போன ஒருவர் ஒரு பாட்டில் கூந்தல் தைலத்தைக் கடலில் ஊற்றிவிட்டார்! எண்ணெய்ப் படலம் நீரின் மேற்பரப்பு இழுவிசையை மாற்றும் என்ற நிஜமான விஞ்ஞானத்தை எடுத்து, தலைகால் தெரியாமல் பெரிதாக்கிய குறும்பு. இதை அவர் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பவில்லை. தைலக் கம்பெனிக்குத்தான் அனுப்பினார்.

2025 மே மாதம் மறைந்த ஜயந்த் நார்லிகரும் அப்படியே. வானியலில் உலகப் புகழ் பெற்ற பிறகு, 1974ல் மராத்திக் கதைப் போட்டி ஒன்றுக்குப் புனைபெயரில் கருந்துளையைப் பற்றிக் கதை எழுதிப் பரிசு வாங்கினார். அவரே ஜோதிடத்தைச் சோதிக்கவும் இறங்கினார். கெட்டிக்காரப் பிள்ளைகள் நூறு பேர், மனவளர்ச்சி குன்றியவர்கள் நூறு பேர் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, 27 ஜோதிடர்களுக்கு ஆளுக்கு நாற்பது கொடுத்தார். சரியாகப் பிரித்தது 46 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும்.

மைசூரோடு விஷயம் முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். 2019 ஜனவரியில் ஜலந்தருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டில், ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரே எழுந்து, கௌரவர்கள் நூறு பேரும் சோதனைக் குழாய்க் குழந்தைகள் என்றார். தமிழ்நாட்டிலிருந்து போன இன்னொருவர் நியூட்டன் தவறு, ஐன்ஸ்டைன் தவறு என்று முழங்கினார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். சங்கு ஊதியபோது அரங்கில் இருந்தவர்கள் வளர்ந்தவர்கள், நம்புவதும் நம்பாததும் அவர்கள் பாடு. கிணற்றுத் தண்ணீர்ப் பாட்டில்களோடு வந்த பிள்ளையிடம், அளக்கவே வேண்டாம், எல்லாம் ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று ஒரு துணைவேந்தர் சொன்னால் அவள் யாரை நம்புவாள்? விஞ்ஞானிகள் பல ஊர்களில் கண்டனக் கூட்டம் போட்டார்கள். பேச்சாளர்களின் உரைச் சுருக்கத்தை முன்கூட்டியே வாங்கிப் பார்ப்போம் என்றது மாநாட்டுச் சங்கம். நூறு வருஷத்துக்கு மேல் ஆன மாநாட்டுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

காலம் கடந்துவிட்டது. 2020ல் பெங்களூரில் கூடினார்கள். கொரோனா இரண்டு வருஷத்தைத் தின்றது. 2023 ஜனவரியில் நாக்பூர். அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய விஞ்ஞானத் துறை, சங்கத்தின் நிதி நிர்வாகத்தைக் குறைசொல்லி, தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. சங்கம் குற்றச்சாட்டை மறுத்து நீதிமன்றத்துக்குப் போனது. 2024 மாநாடு லக்னோவில் என்றார்கள். பிறகு ஜலந்தர் பக்கம் என்றார்கள். இரண்டு இடத்திலும் நடக்கவில்லை. உலகப் போர்க் காலத்திலும் கூடிய மாநாடு, தொற்றுநோய் ஏதும் இல்லாத ஒரு ஜனவரியில் கூடாமல் போனது. 2025 நவம்பரில் டெல்லியில் மத்திய அரசே வேறொரு பெரிய விஞ்ஞான மாநாட்டை நடத்தியது. பிரதமர் தொடங்கி வைத்தார்.

ஆக, தமிழ் அர்த்தத்தில்தான் சங்கு ஊதப்பட்டது என்று ஆகிவிட்டது. ராமகிருஷ்ணன் சொன்ன சர்க்கஸ் கூடாரத்தைப் பிரித்ததில் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னால் முடியவில்லை. கோமாளியைப் பிடிக்கவில்லை என்பதற்காக, ஏரி நத்தைகளைப் பற்றிப் பேசக் காத்திருந்த விலங்கியல் ஆசிரியரையும் சேர்த்தல்லவா வெளியே அனுப்பிவிட்டார்கள்? வாசலில் கூப்பன் பார்த்த ஆளை மேடைப் படிக்கட்டுக்கு மாற்றியிருந்தால் போதும் என்று எனக்கு இன்னும் ஒரு எண்ணம்.

மொழிபெயர்ப்பு வேலையாக மைசூருக்கு அடிக்கடி போகிறவன் நான். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது யாத்திரைத் தலம். மானசகங்கோத்ரியில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. சென்னைக்குப் போகும் முன் செம்மொழித் தமிழ் மையம் சில காலம் அங்கேதான் இயங்கியது. காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்தால் பெலிகன்கள் மரத்தில் உட்கார்ந்திருக்கும். அவை எழும்பும்போது பார்க்க வேண்டும். அவ்வளவு பருத்த உடம்பு, நாலு தடவை தண்ணீரை அடித்து, விழுந்துவிடும் என்று நாம் நினைக்கும் கணத்தில் மேலே போய்விடும். சகுன விமானத்தைக் கற்பனை செய்தவரும் இப்படி ஏதாவது ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பார்.

போன முறை பழைய புத்தகக் கடை ஒன்றில் வைமானிக சாஸ்திரத்தின் பிரதி கண்ணில் பட்டது. பிளஸ் டூ இயற்பியல் வழிகாட்டிக்கும் மின் கம்பியிணைப்புப் புத்தகத்துக்கும் நடுவே செருகியிருந்தது. கடைக்காரர் விலையைக் கூடத்தான் சொன்னார். பேரம் பேசிப் பார்த்தேன், இறங்கவில்லை. எல்லப்பாவின் படங்களுக்காக வாங்கிக்கொண்டேன். வீட்டில் சுஜாதாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.